நாலே கோடு

ரோமன் எண்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். எண்கள் என்ன பாவம் செய்தன என்று கேட்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அவற்றை உடம்பில் ஏற்றிக்கொள்ள வருகிறவர்களின் அலட்டலைத்தான் தாங்க முடியவில்லை. பதினான்கு வருடமாகப் பச்சை குத்துகிறேன். பத்துப் பேர் படியேறி வந்தால் நாலு பேர் தேதிதான் கேட்கிறார்கள். காதலைச் சொன்ன தேதி, குழந்தை பிறந்த தேதி, நாய் செத்த தேதி. சாதாரண எண்ணில் போட்டால் பேருந்து எண் மாதிரி இருக்கிறதாம். ரோமனில் போட்டுவிட்டால் ஏதோ சாம்ராஜ்யத்தையே ஆண்டு முடித்தது போல ஒரு நினைப்பு.

சரி, ஒழுங்காக எழுதிக்கொண்டாவது வருகிறார்களா என்றால் அதுவும் இல்லை. எட்டை IIX என்று எழுதி வருவார் ஒருவர். ஒரு பல் மருத்துவர் 2019 என்பதை ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்து, பூஜ்யத்துக்கு ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். ரோமனில் பூஜ்யமே கிடையாது என்றேன். அப்படியானால் நீங்களே ஒன்று கண்டுபிடித்துப் போடுங்கள் என்றார். இந்த அறிவோடு அவர் மற்றவர்கள் வாயில் ஊசி போடுகிறார்.

அதனால் என் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஸ்டென்சில் தாளில் ரோமனில் எழுதி, அதற்குக் கீழேயே சாதாரண எண்ணிலும் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் மெஷினைத் தொடுவேன். கடை இருப்பது சாவி வெட்டும் கடைக்கு மேல் மாடியில். ஒரு சாய்வு நாற்காலி, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, கை கழுவ ஒரு தொட்டி. கீழே சாவி அரைபடும், மேலே தோல் அரைபடும். இரண்டு சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தை நான் மீறியது ஒரே ஒரு முறை. என் தங்கையைக் கட்டிக்கொள்ள இருந்த மாப்பிள்ளைக்காக.

தங்கைக்கு இருபத்தொன்பது வயது. ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். நாலு டன் சரக்கைத் தூக்கி, சுவருக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளியில் திரும்புவாள், பார்க்கிற நமக்குத்தான் உயிர் போகும். துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு மூன்று வருடமாக விண்ணப்பித்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு இடத்துக்கு எழுநூறு பேர். இந்த வருடம் கிடைத்துவிட்டது, அதுவும் நாலாவது ஆளாக. வேறு ஊரில் தங்கிப் படிக்க வேண்டும். மார்ச் ஏழாம் தேதி காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். வராதவர்களின் இடம் அன்று மதியமே அடுத்த ஆளுக்குப் போய்விடும், தேதியை மாற்றித் தர முடியாது என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை கல்யாணத்துக்குச் சொன்ன தேதியும் மார்ச் ஏழு.

மாப்பிள்ளை, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிற நிறுவனத்தில் விற்பனை மேலாளர். முதன்முறை வீட்டுக்கு வந்தபோதே எங்கள் குழாய்த் தண்ணீரில் ஏதோ இரண்டு கம்பியை விட்டு அதைப் பழுப்பாக்கிக் காட்டினார். இத்தனை நாள் இதையா குடித்தோம் என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அதிலிருந்து அவர் சொன்னதுதான் வீட்டில் வேதவாக்கு. ஒரு வாரம் முன்னால் வைத்துக்கொள்ளலாமா என்று தங்கை கேட்டுப் பார்த்தாள். பயிற்சி முடிந்த பிறகு வைக்கலாமா என்றும் கேட்டாள். மார்ச் ஏழு வேலை நாள், வெள்ளிக்கிழமை, வருகிறவர்கள் விடுப்பு எடுக்க வேண்டும் என்று நானும் சொன்னேன். எதற்கும் அவர் அசையவில்லை. அந்தத் தேதியில் ஒரு விசேஷம் இருக்கிறது, கல்யாணம் முடிந்ததும் சொல்கிறேன் என்று மர்மமாகச் சிரித்தார். அம்மா உருகிப் போனாள். தங்கையும் உருகினாள். உருகியவள், பயிற்சிக்கு வரவில்லை என்று ஒரு கடிதத்தை எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டாள். வருவதானாலும் வராததானாலும் அந்தப் புதன்கிழமைக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். தினமும் எடுத்துப் பார்ப்பாள், அனுப்பாமல் வைத்துவிடுவாள். கூடாது என்று சொல்ல நான் யார்? என் கல்யாணமே இரண்டு வருடத்தில் முடிந்துபோன ஒன்று. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். வாயெல்லாம் பல். தங்கைக்குத் தெரியக் கூடாது, அவளுக்கு ஒரு ஆச்சரியப் பரிசு என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி நாற்காலியில் சாய்ந்தார். வாசனைத் தைலமும் வியர்வையும் சேர்ந்து அறை முழுக்கப் பரவியது. இடது மார்பில் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு தேதி. VI, ஒரு புள்ளி, II, ஒரு புள்ளி, MMXX. ஆறு, இரண்டு, இரண்டாயிரத்து இருபது. முதல் வேலையில் சேர்ந்த நாளாம். வேலை என்ன பெரிய வேலை, கல்யாணம்தான் பெரிது, அதனால் இதைக் கல்யாணத் தேதியாக மாற்றிவிட வேண்டுமாம். நாள் எண்ணில் ஒரு கோடு, மாதத்தில் ஒரு கோடு, வருடத்தின் கடைசியில் ஒரு V. VII, III, MMXXV. ஏழு, மூன்று, இரண்டாயிரத்து இருபத்தைந்து.

எனக்கே ஒரு கணம் மனசு இளகியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுதான் அந்த விசேஷமா, பரவாயில்லையே என்று நினைத்தேன். வீட்டு மனிதர்தானே என்று தாளும் எழுதவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. மழித்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு, VI-க்குப் பக்கத்தில் ஒரு கோடு குத்தினேன். இரண்டு நிமிட வேலை. VI என்பது VII ஆயிற்று.

புதுக் கோட்டின் கறுப்பு பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க விளக்கை இழுத்துக் கிட்டே வைத்தேன். மை வயதானால் நீலம் பாயும், ஓரம் கசியும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மையைப் பார்த்தே வயது சொல்லுவோம். VI-இல் இருந்த V நன்றாக நீலம் பாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்து I அவ்வளவு பழசில்லை. மாதத்தில் இருந்த இரண்டு கோட்டிலும் முதல் கோடு கிழம், இரண்டாவது கோடு நடுவயது. சந்தேகத்தோடு வருடத்துக்குப் போனேன். கடைசி X-இன் மேல்பாதி நீலம். கீழ்ப்பாதி கறுப்பு. சேருமிடத்தில் முட்டி மாதிரி ஒரு வளைவு. அது X ஆகப் பிறந்ததே இல்லை. V ஆகப் பிறந்து, பிறகு யாரோ கீழே இரண்டு கால் வைத்து X ஆக்கியிருக்கிறார்கள்.

பழைய மையை மட்டும் மனசுக்குள் படித்தேன். V, I, MMXV. ஐந்து, ஒன்று, இரண்டாயிரத்துப் பதினைந்து.

மெஷினை நிறுத்தினேன்.

"இது உங்க முதல் திருத்தம் இல்லையே, மாப்பிள்ளை" என்றேன்.

முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. சிரித்தார், பிடிபட்டவன் சிரிப்புகூட இல்லை அது. தொழில் தெரிந்தவளிடம் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பு என்று நினைத்துவிட்டார் போல.

"உங்ககிட்ட மறைக்க முடியுமா அக்கா? எல்லாரும் பேரைக் குத்திக்கிட்டு அப்புறம் அழிக்க முடியாம கஷ்டப்படறாங்க. நம்பர்னா திருத்திக்கலாம். அதுவும் ரோமன்ல, கோடு சேர்த்துக்கிட்டே போகலாம்" என்றார்.

பிறகு தானாகவே சொன்னார். பதினைந்தாம் வருடத்துத் தேதி, ஒரு பெண்ணோடு மோதிரம் மாற்றிக்கொண்ட நாள். அது நடக்கவில்லை. இருபதாம் வருடத்துத் தேதி, பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம். ஒன்றரை வருடத்தில் பிரிந்துவிட்டார்கள், காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. தங்கையிடம் இதில் ஒன்றும் சொல்லவில்லை. பழசையெல்லாம் கிளறி அவளை எதற்கு வருத்தப்படுத்துவது என்று அக்கறையோடு என்னிடம் கேட்டார். ஐந்து வருடத்துக்கு ஒன்று. அரசாங்கத்து ஐந்தாண்டுத் திட்டம்கூட இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

கல்யாணம் செய்து பிரிவதில் எனக்கு வெறுப்பில்லை, நானே பிரிந்தவள். மறைத்ததுதான் முதலில் எரிந்தது. ஆனால் அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று எழுந்தது. அதையும் கேட்டுவிட்டேன்.

"அதனாலதான் மார்ச் ஏழா?"

"உட்கார்ந்து கணக்குப் போட்டேன் அக்கா. உங்க அம்மா டிசம்பர்லயே வைக்கலாம்னாங்க. டிசம்பர்னா XII, மாசம் முழுக்கப் போயிடும், பழசை அழிச்சுத்தான் ஆகணும். லேசர்ல அழிச்சா எரியும்னு சொல்றாங்க. வருஷமும் இருபத்தஞ்சா இருந்தாதான் V சேரும். இதுன்னா நாலே கோடு. எங்கேயும் ஒண்ணும் அழிக்க வேணாம்."

இனிமேல் இந்தக் கதையில் 'அவர்' கிடையாது. அந்த மரியாதை அந்த நாற்காலியிலேயே செத்துப் போயிற்று.

அவனுக்கு எரியக் கூடாது என்பதற்காக என் தங்கை கிரேனை விட வேண்டும். மூன்று வருடம் விண்ணப்பித்து, எழுநூறு பேரில் நாலாவதாக வந்து, அவள் எழுதி வைத்திருக்கிற அந்தக் கேடுகெட்ட கடிதத்தை நாளைக்கு அனுப்ப வேண்டும். எதற்கு? இவன் நெஞ்சில் ஏற்கனவே இருக்கிற கோட்டுக்கு அவள் பொருந்த வேண்டும் என்பதற்கு. இன்னும் கிட்டே பார்த்தேன். எண்களுக்கு நடுவே இருந்த புள்ளிகள் தேவைக்கு மேல் தள்ளித் தள்ளி இருந்தன. முதல் முறை குத்தும்போதே இடம் விட்டுப் போடச் சொல்லியிருக்கிறான். VII-க்குப் பிறகு இன்னும் ஒரு கோட்டுக்கு இடம் இருந்தது. II-க்குப் பிறகு இரண்டு கோட்டுக்கு இருந்தது. கடிகார முகப்பில் நாலுக்கு நாலு கோடு போடுவார்களே, அதற்கும் வசதி. மாநகராட்சிகூட சாலையை அகலப்படுத்த இவ்வளவு முன்யோசனையோடு இடம் விட்டதில்லை.

சதை, ரத்தம், சீழ் எல்லாம் பார்த்த கை இது. வெறும் மையைப் பார்த்து இப்படி உமட்டியதில்லை. எழுந்திருக்கச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. இன்னும் மூன்று கோடு பாக்கி இருக்கிறதே என்றான். நான் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டதைப் பார்த்த பிறகுதான் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான்.

"அரைகுறையா விட்டா எப்படி? இப்ப இதுல என்ன தேதி இருக்கு?"

"ஏழு, ரெண்டு, இரண்டாயிரத்து இருபது."

"அன்னிக்கு ஒண்ணுமே நடக்கலையே!"

"நடந்திருக்கும். கல்யாணத்துக்கு மறுநாள்தானே அது. அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சுப் பார்த்தா பக்கத்துல நீ இருந்திருப்ப."

போகும்போது அவன் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். புருஷன் இல்லாதவளுக்கு அடுத்தவள் வாழ்வது பொறுக்காது, இதைத் தங்கையிடம் தானே போய்ச் சொல்லப் போவதாகச் சொன்னான். சொல்லவும் செய்தான். ஐந்து மணிக்கு வேலை முடிந்து சீருடையோடு தங்கை மாடியேறி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. ஆசையாகப் பரிசு கொடுக்க வந்தவரின் நெஞ்சில் தப்பாகக் குத்தி, போதாததற்குக் கண்டபடி பேசி அனுப்பினாயாமே என்று கேட்டாள். அவருக்கு முன்னால் யார் இருந்தால் உனக்கென்ன என்றும் கேட்டாள். கெட்டிக்காரன். இருந்ததை மட்டும் பாதி சொல்லி, கணக்குப் போட்டதை விழுங்கிவிட்டிருக்கிறான்.

நான் வாதாடப் போகவில்லை. வாதாடினால் அவன் சொன்னபடியே பொறாமைக்காரி ஆவேன். ஒரு தாளையும் பென்சிலையும் அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு ரோமன் எண் சரியாகப் படிக்கத் தெரியாது, கிடங்கில் அதற்கு வேலையும் இல்லை. I என்றால் ஒன்று, V என்றால் ஐந்து, X பத்து, M ஆயிரம், பெரிய எண்ணுக்கு வலப்பக்கம் போட்டால் கூட்டல் என்று சொன்னேன். இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். தாளில் V, I, MMXV என்று நானே பெரிதாக எழுதிப் படிக்கச் சொன்னேன்.

"அஞ்சு, ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பதினஞ்சு."

இது அவன் மோதிரம் மாற்றிக்கொண்ட நாள் என்றேன். நாளில் ஒரு கோடு, மாதத்தில் ஒரு கோடு போடச் சொன்னேன். வருடத்தில் கடைசி V-க்குக் கீழே இரண்டு கால் இழுக்கச் சொன்னேன். இழுத்தாள். ஆறு, இரண்டு, இரண்டாயிரத்து இருபது என்று படித்தாள். இது அவன் கல்யாணம் செய்துகொண்ட நாள் என்றேன். இப்போது நாளில் ஒன்று, மாதத்தில் ஒன்று, கடைசியில் ஒரு V.

மூன்றாவது முறை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. பென்சில் நுனி V-யின் மேலேயே நின்றது. அவன் டிசம்பரைப் பற்றிச் சொன்னதையும், லேசர் எரியும் என்று சொன்னதையும், நாலே கோடு என்று பெருமைப்பட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கூட ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை. சேர்க்க என்ன இருக்கிறது?

"எனக்காகத்தான் தேதி பார்த்தார்னு நெனச்சேன்க்கா" என்றாள். "தேதிக்காக என்னைப் பார்த்திருக்காரு."

அழவில்லை. தாளை நாலாக மடித்துச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நான் சொன்னதற்காகச் செய்தாள் என்று ஆகிவிடும். அன்று தொட்டியில் கையை எத்தனை தடவை கழுவினேன் என்று எனக்கே தெரியாது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாக மாடியேறி வந்தார்கள். அவன் முன்னால் வந்தான். ஜெயித்த முகம். என் தங்கை பின்னால். சமாதானம் ஆகிவிட்டதாகவும், குடும்பத்துக்குள் இதெல்லாம் சகஜம் என்றும், நடந்ததை மறந்துவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடுங்கள் அக்கா என்றும் சொன்னான். மறுபடியும் அக்கா. சட்டையைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் படுத்தே விட்டான். நேற்றுப் போட்ட கோட்டின் மேல் மெல்லிய பொருக்கு கட்டியிருந்தது.

நான் தங்கையைப் பார்த்தேன். இவளும் என் வயிற்றைப் புரட்டப் போகிறாளா என்றுதான் நினைத்தேன், கூடப் பிறந்தவளைப் பற்றி அப்படி நினைத்ததற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

"போட்டு முடிச்சிடுக்கா" என்றாள்.

நான் நகரவில்லை.

"மூணு கோட்டையும் நல்லா அழுத்தமா போடு. மார்ச் ஏழு காலைல எட்டு மணிக்கு நான் துறைமுகத்து வாசல்ல நிக்கணும். வரேன்னு இப்பத்தான் கீழ படியில நின்னு அனுப்பினேன். அந்தத் தேதிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரே, அது அவருக்கே இருக்கட்டும்."

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தன் நெஞ்சைப் பார்த்தான். நான் புதுக் கையுறையை எடுத்து மாட்டினேன். மெஷினைப் போட்டுவிட்டேன், ஊசி சத்தம் போட ஆரம்பித்தது. நாற்காலியிலிருந்து அவன் துள்ளி எழுந்த வேகத்தில் மைக் கிண்ணம் கவிழ்ந்து தரையெல்லாம் கறுப்பாயிற்று. சட்டையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு, வெறும் உடம்போடு படியிறங்கினான். அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன் என்று கீழே தெருவிலிருந்து கத்தியது கேட்டது.

தங்கை குனிந்து பழைய துணியால் தரையைத் துடைத்தாள். அம்மாவுக்கு யார் சொல்வது என்று கேட்டாள். நான் சொல்கிறேன் என்றேன். அவன் நெஞ்சில் என் கை போட்ட கோடு ஒன்று இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்னும் குமட்டுகிறது.